மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள்

தேவை ஏற்படும்போது மனிதன் புதியன புனைகிறான் என்பது நாம் அடிக்கடி கேட்கும் கூற்று. வன்னியின் மோட்டார் சைக்கிள்களைப் பற்றிப் பேசுவோரும் இக்கூற்றையே எடுத்தாளுகின்றனர். அது முழு உண்மையாகுமா என்பதைச் சிறிது சிந்தித்தல் நன்று.

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், மின்கலம், சீமெந்து, யூரியா முதலியன தடைப்பட்டன. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோருட் பெருந்தொகையினரும் வன்னியை வந்தடைந்தனர். பெற்றோல் போத்தற் கணக்கில் விற்கும் அரும்பொருளாயிற்று. மண்ணெண்ணெயோ ஓரளவு கிடைத்தது.

பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேலேதான் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். ஆகவே குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயால் இயங்கத் தொடங்காது. சூடேறியபின் அதனாலேயே ஓடும். இதனை அறிந்த எம்மவர் தாங்கியில் மண்ணெண்ணெயை நிரப்பினர். பெற்றோலைச் சிறு பிளாஸ்ரிக் போத்தலில் தனியே வைத்திருந்து, புறப்படுமுன் சில துளிகளைக் காபரேற்றரினுட் பீச்சி உதைத்தனர். இங்கிலாந்தில் ஓடிய பழைய போர்ட்சன் உழவு இயந்திரங்களிலும் தொடக்கத்துக்குச் சிறு பெற்றோல் தாங்கியும், ஓட்டத்துக்குப் பெரிய மண்ணெண்ணெய்த் தாங்கியும் இருந்தன. ஆனால் அவை அதற்கென்றே தொழிற்சாலையில் அமைக்கப்பட்டவை. எம்மவரிடம் இருந்தவை பெற்றோலுக்கென ஆக்கப்பட்ட வண்டியும் ஒரு வெறும் போத்தலுமே.

கிளிநொச்சியை அண்டிய கிராமமொன்றில் இவ்வாறு வண்டி ஓட்டியவர்களுள் என் தகப்பனாரும் ஒருவர். அவர் இதனைப் பெருமையாகச் சொல்வதில்லை. பின்னால் எழுந்த வெண்புகை, பிளக்கிற் படிந்த கரி, மண்ணெண்ணெய் கலந்து நீர்த்துப்போன இயந்திர எண்ணெய், சூடான இயந்திரத்தின் அருகே பெற்றோல் போத்தலைப் பிடித்த கையின் அச்சம் ஆகியனவே அவர் நினைவில் நிற்பன. யான் ஒருமுறை வியந்து பாராட்டியபோது, "கெட்டித்தனமெண்டு சொல்லாதை மோனை; ஆசுபத்திரிக்குப் போக வேற வழியிருக்கேல்லை" என்றார்.

2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கையை ஒட்டித் தடை தளர்ந்தது. இருபது ஆண்டுகளின் பின், 2022 இல், நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. கியூ.ஆர். குறியீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் எனப் பங்கிடப்பட்டபோது, இதுபோன்றதொரு துன்பத்தை நாடு கண்டதில்லை எனப் பலர் எழுதினர். வன்னியின் மூத்தோர் அதனை வாசித்து மௌனமாயிருந்தனர். அந்த 4 லீற்றர் எல்லார்க்கும் பொதுவான தட்டுப்பாடு. முன்னையதோ ஒரு நிலப்பரப்பின் மீது மட்டும் சுமத்தப்பட்டது.

துன்பத்திற் பிறந்த திறமையைப் புகழ்வது எளிது. அப்புகழ்ச்சி துன்பத்தின் காரணத்தை மறைத்துவிடலுமாகும். அதற்காகத் திறமையை மறந்துவிடுவதும் முறையன்று. ஏட்டுக் கல்வியின்றி ஆவியின் இயல்பை அறிந்து செயற்பட்ட கராச்காரர் பலர் இன்று முதுமையடைந்துள்ளனர். அவர்தம் செய்முறையையும், அதனைச் செய்ய நேர்ந்த காரணத்தையும் ஒன்றாகவே எழுதி வைத்தல் பல்கலைக்கழக மாணவராகிய எம் கடனாகும். ஒன்றை விட்டு மற்றதை எழுதினால் அது பாதி வரலாறே.