மாமரத்தடியில் நின்ற பிக்கப்

அப்பாவின் பிக்கப்புக்கு என்னைவிட வயது கூட. அதில் மரக்கறி ஏற்றித்தான் எங்களைப் படிப்பித்தார். ஒவ்வொரு மாரிக்கும் இடப்பக்கக் காலடியில் வெள்ளம் நிற்கும். சந்தைக்குப் போகும்போது அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் இருப்பா. அப்பா கதவு ரப்பரை 2 தரம் மாற்றினார். கண்ட இடமெல்லாம் சிலிக்கன் அப்பினார். ஒழுக்கு நிற்கவில்லை. போன மாரியோடு அடித்தகரமும் கறள் கட்ட, "இனி இரும்புக்குத்தான் குடுக்கோணும்" என்றார்.

மழை விட்ட ஒரு ஞாயிறு, காப்பெற்றைக் கழற்றிக் காயவிட்டு, ரோச்சோடு நான் உள்ளே குந்தினேன். அப்பா வெளியில் பைப்போடு. கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடத்துக்கும் 5 நிமிடம், மெதுவாகத் தண்ணீர். எடுத்தவுடன் மேலே பிடித்தால் எங்கால வருகுதென்று பிடிபடாது. கதவடி காய்ந்தே இருந்தது. கதவு ரப்பரும் அப்படித்தான். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள கிறிலில் பிடித்த பிறகுதான் டாஷ்போட்டுக்குப் பின்னால் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

கிறிலைக் கழற்றினோம். உள்ளே உக்கிய மாவிலையும் சேறும். தண்ணீர் வெளியேறும் துவாரம் அடைபட்டு, நிரம்பிய தண்ணீர் காற்று வரும் வழியால் உள்ளே வந்திருக்கிறது.

வெயில் படக்கூடாதென்று அதை மாமரத்தடியில் விட்டவர் அப்பாதான். கைநிறைய இலையோடு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "ரப்பருக்குக் குடுத்த காசு வீண், என்ன பிள்ளை?"

அடுத்த மழைக்கு அம்மா செருப்போடு இருந்தா.

உங்கள் வீட்டுப் பழைய வாகனமும் ஒழுகினால், சிலிக்கன் வாங்க முதல் அந்தக் கிறிலுக்குள் ஒருக்கால் பாருங்கோ.