சாரைக்கு ஒரு பெட்டி

நெல்லிக்குப்பத்துக் கரும்புக் கொல்லையில் அகப்பட்ட சாரைக்குட்டியை நமது சிரஞ்சீவி மரப்பெட்டியில் குடிவைத்துப் பால் வார்த்தான். அது தீண்டவில்லை. பாம்புக்கு வேண்டுவது பாலன்று, தவளையும் எலியும் என்றோம். வீட்டில் வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் தடுக்கிறதென்றும் சொன்னோம். பையன் அசையவில்லை.

பிறகு வடநெம்மேலியைப் பற்றிச் சொன்னோம். அங்கே இருளர்கள் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். நாகத்தையும் விரியனையும் மணலிட்ட மண்பானையில் வைத்து, வாயைத் துணியால் கட்டுவார்கள். விஷமுறிவு மருந்துக்காக நஞ்செடுத்தபின், சில வாரங்களில் காட்டிலேயே விட்டுவிடுவார்கள்.

"கடிக்கிற பாம்புக்கே விடுதலை உண்டா, அப்பா?" என்றான்.

அந்தியில் வரப்பிலே பெட்டியைத் திறந்தோம். அதுவரை கொல்லைப்பக்கம் காலெடுத்து வைக்காத இல்லாள் அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாள். பையன் தூங்கவில்லை.