தகட்டில் எழுதிய பலம்



கல்மண்டபத்தில் வாழும் நமக்கு இயந்திரங்கள் அந்நியமானவை அல்ல. துறைமுகத்திற்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் உறுமலோடுதான் நமக்குப் பொழுது விடிகிறது. எண்ணூரில் அசோக் லேலண்டிலும், திருவொற்றியூரில் என்ஃபீல்டிலும் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் நம் நடுவில் உண்டு. ஆகவே இவ்வாரம் என்ஜின்களைப்பற்றிய ஒரு பழைய வழக்கை உங்கள் முன் வைக்கிறேன். ஒரு என்ஜினின் பலம் இவ்வளவு என்று எழுதப்படுகிறது. அது உண்மையில் இழுப்பதோ வேறோர் அளவாக இருக்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

1960களில் அமெரிக்காவில் ‘மசில் கார்’ என்ற பெயரில், பெரிய என்ஜின் பொருத்திய வேகமான கார்கள் இளைஞரைக் கவர்ந்தன. விளம்பரங்களில் குதிரைத்திறனின் எண்ணே முன்னே நின்றது. அந்த எண் கிடைத்த விதத்தைக் கவனியுங்கள். என்ஜினைத் தனியே ஒரு சோதனை மேடையில் ஏற்றுவார்கள். காற்று வடிகட்டி இராது. காரில் இருக்கும் சைலன்சரும் குழாய்களும் இரா. மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போன்ற துணைக்கருவிகளின் சுமையும் இராது. இப்படி எல்லாப் பாரத்தையும் இறக்கிவைத்தபின் கிடைத்த அளவை ‘கிராஸ்’ என்றார்கள். சாலையில் ஓடும் காரோ இவை அனைத்தையும் சுமந்தே ஓடவேண்டும்.

1972ஆம் ஆண்டின் மாடல்கள் முதல், சுமைகளோடு சேர்த்து அளக்கும் ‘நெட்’ முறை அங்கே பொதுவாயிற்று. காடிலாக் எல்டொராடோ காரின் 8.2 லிட்டர் என்ஜின் 1971-இல் 365 குதிரைத்திறன் என்று விளம்பரமாயிற்று. 1972-இல் 235 என்று எழுதப்பட்டது. ஒரே ஆண்டில் 130 குதிரைகள் தொலைந்துபோயினவா? இல்லை. என்ஜின் ஏறக்குறைய அதேதான், அளவுகோல் மாறியது.

வழக்கின் மறுபக்கம் இன்னும் வியப்பானது. சில என்ஜின்களின் பலத்தை நிறுவனங்களே குறைத்துச் சொல்லின. 1968-இல் ஃபோர்டின் 428 கோப்ரா ஜெட் என்ஜினுக்கு 335 என்று அறிவிக்கப்பட்டது. உண்மையில் அது 400ஐ எட்டக்கூடியது என்பது வல்லுநர்களின் பரவலான கணிப்பு. 1969-இல் ஷெவர்லேயின் இசட்.எல்.1 என்ஜினுக்கு 430 என்று எழுதப்பட்டது; அது 500ஐத் தாண்டும் என்று கருதப்படுகிறது. இந்தத் தாழ்மைக்குக் காரணம் என்ன? அதிகப் பலமுள்ள காருக்குக் காப்பீட்டுக் கட்டணம் அதிகம். மேலும், பந்தயங்களில் எடைக்கும் குதிரைத்திறனுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டே வகுப்பு பிரிக்கப்பட்டது. குறைத்துச் சொன்னவன் எளிய வகுப்பில் நின்று ஜெயிக்கலாம். என்ஜின் தன் உச்ச பலத்தை எட்டுவதற்கு முன்னுள்ள ஒரு சுழற்சி வேகத்தில் அளந்த எண்ணைக் காட்டுவது இதற்கு ஒரு வழி. அந்த எண் பொய்யல்ல. ஆனால் அது சொல்லாமல் விட்டது மிகுதி.

இது கடல் கடந்த கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் காசிமேட்டிலும் குதிரைத்திறன் ஒரு வழக்காகவே இருக்கிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. இன்று அதன் விதிகள் விசைப்படகின் என்ஜினுக்கு 240 குதிரைத்திறன் என்று வரம்பிட்டிருக்கின்றன. அந்த வரம்பை மீறிய அதிவேக என்ஜின்களுக்கு எதிராக மீனவர்களே முறையிட்டதையும் போராடியதையும் நாம் அறிவோம். காகிதத்தில் ஓர் எண்ணும், என்ஜின் அறையில் வேறோர் எண்ணும் இருக்குமானால் நட்டப்படுகிறவர் யார்? அதே கடலில் சிறிய என்ஜினோடு ஃபைபர் படகைச் செலுத்தும் சகோதரன். அவனுடைய வலைக்கு வரவேண்டியதைப் பெரிய என்ஜின் முந்திச் சென்று அள்ளிவிடும். அன்று மாலை ஒரு வீட்டின் அடுப்பு அதற்கு விலை கொடுக்கிறது.

உபாகமம் 25ஆம் அதிகாரம் இதைத்தான் தொடுகிறது. வணிகன் தன் பையில் பெரியதும் சிறியதுமாக இருவகை எடைக்கற்களை வைத்திருக்கலாகாது என்பது அங்குள்ள கட்டளையின் சாரம். இரண்டு கற்களும் ஏன் தடுக்கப்பட்டன என்று சிந்தியுங்கள். வாங்கும்போது ஒன்று, விற்கும்போது மற்றொன்று என்று இரண்டுமே அயலானை ஏமாற்றப் பயன்படுகின்றன.

நம்மிடத்திலும் அந்த இரண்டு கற்கள் உண்டு. வரன் பேசும்போது மகனுடைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லுகிறோம். அது பெரிய கல். அண்ணன் தம்பிகள் கூடித் தாயின் மருத்துவச் செலவைப் பங்கிடும்போது, “எனக்கு வருமானமே போதவில்லை” என்கிறோம். அது சிறிய கல். மேடையில் தாலந்து பெருகிநிற்கிறது. பொறுப்பு ஒப்படைக்கப்படும் நாளில் “நான் எதற்கும் தகுதியற்றவன்” என்று தாழ்மை பேசுகிறது. சுமைக்கு ஒளிந்துகொள்ளும் தாழ்மையைத் தாழ்மை என்று அழைக்கலாகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குதிரைத்திறனை ‘பிரேக்’ குதிரைத்திறன் என்று ஏன் சொல்லுகிறார்கள் தெரியுமா? சுழலும் தண்டுக்கு எதிராக ஒரு தடையைக் கொடுத்து, எந்த வேகத்தில் எவ்வளவு தடையை அது தாங்குகிறது என்று பார்த்தே பலத்தைக் கணக்கிடுகிறார்கள். தடையில்லாமல் சுழலும் என்ஜின் எவ்வளவு இரைந்தாலும் அதன் பலம் இன்னதென்று சொல்ல முடியாது.

படுக்கையிலிருக்கும் கணவனைக் கவனித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மீந்த நேரத்தில் ஆலயத்திற்கு ஓடிவரும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். “மற்றவர்களைப்போல நான் ஒன்றும் செய்யவில்லையே, ஐயா” என்று அவள் சொல்லக்கூடும். தாயே, மற்றவர்களின் எண் சோதனை மேடையில் எடுக்கப்பட்டது. உன்னுடையதோ எல்லாச் சுமைகளோடும் எடுக்கப்பட்டது. ஓய்வு பெற்றபின் “என் பலம் குறைந்துவிட்டது” என்று சோர்ந்திருக்கும் மூத்தவரே, உங்களுக்கும் இதையே சொல்லுகிறேன். எண் சிறிதானதால் என்ஜின் மாறிவிட்டது என்று பொருளல்ல.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் பலத்தைக் குறித்துப் பேச நேரும் இடத்தில் ஒரே எண்ணைச் சொல்லுங்கள். சம்பந்தி வீட்டில் சொன்னதையே சகோதரன் வீட்டிலும் சொல்லுங்கள். உங்கள் எண் சரியா என்று அறிய விரும்பினால், உங்களைப் புகழுகிறவர்களிடம் போகாதீர்கள். உங்களோடு சேர்ந்து பாரம் இழுக்கிறவர்களிடம் கேளுங்கள்.

கர்த்தர் தாமே உங்களை உண்மையில் நடத்துவாராக.