பின்னிருக்கை

63 வயதில் மோட்டார் சைக்கிள் வாங்கக் கிளம்பியதற்கு என்னிடம் கௌரவமான காரணம் எதுவும் இல்லை. நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குப் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. மகனிடம் கார் இருக்கிறது. ஆனாலும் நாமக்கல், ராசிபுரம், சேலம் ஐந்து ரோடு என்று இரண்டு மாதமாகக் கடை கடையாக ஏறி இறங்கினேன். வீட்டில் கேட்டபோது 'சும்மா பார்க்கத்தான்' என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

நான் ஓட்டுவதை நிறுத்தியது 1998-ல். அதுவரை பன்னிரண்டு வருஷம் என்னிடம் இருந்தது ஒரு புல்லட். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 1955-ல் சென்னையில் தொடங்கிய வண்டி. 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுபோன பிறகும் திருவொற்றியூரில் விடாமல் செய்துகொண்டிருந்த வண்டி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே அமுக்க வேண்டும். வெள்ளைக்காரன் விட்டுப்போன வேறு பல பழக்கங்களைப்போல இதையும் உலக வழக்கம் என்றே நம்பியிருந்தேன்.

யோசனை கேட்டதில், நண்பர்களில் எழுதுகிறவர்கள் எல்லோரும் புல்லட் என்றார்கள். அவர்களில் ஒருவருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. ஒருவர் எஸ்டி என்றார். மைசூரில் 1961-லிருந்து ஜாவாவும் பிறகு எஸ்டியும் செய்துவந்த தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. 2022-ல் அந்தப் பெயரில் வேறு வண்டி வந்திருக்கிறது. பழைய எஸ்டியில் உதைக்கிற கிக்கரையே மடக்கிவிட்டால் அதுவே கியர். அந்தச் சாமர்த்தியத்துக்காகவே சிறு வயதில் அதைப் பொறாமையோடு பார்த்திருக்கிறேன். புதியதில் உதைப்பதற்கு எதுவும் இல்லை, பொத்தான்தான். பெயர் திரும்பி வந்ததென்று வண்டி திரும்பி வந்துவிடுமா?

ராசிபுரத்தில் ஒரு கடையில் புதிய புல்லட்டை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். 195 கிலோ. என் பழையது 160 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்திருக்கும். ஏறி உட்கார்ந்ததும் கனம் தெரியவில்லை. பழைய தோரணை தானாக வந்து தோளில் ஏறிக்கொண்டது. இரண்டு தெரு தாண்டியதும் ஒரு ஆடு குறுக்கே வந்தது. என் இடது கால் முழு பலத்தோடு அமுக்கியது. வண்டி ஒரு கியர் இறங்கி உறுமியதே தவிர நிற்கவில்லை. ஆடு தன் புத்தியால் பிழைத்தது. இப்போதெல்லாம் கியர் இடப்பக்கம், பிரேக் வலப்பக்கம் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் கடைப் பையனிடம் அதையே பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனம் அறிந்ததைக் கால் அறியவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகச் சும்மா கிடந்த கால், விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறது.

அப்படியானால் வலப்பக்கம் கியர் உள்ள பழைய புல்லட் ஒன்றைத் தேடிப் பிடிப்பதே பத்திரம் என்று வாதாடலாம். நானும் சில நாள் வாதாடிக்கொண்டேன். சேலத்தில் ஒன்று விலைக்கு இருந்தது. அதன் பெட்ரோல் டாங்கின் மேல் கை வைத்தபோதுதான் 1998 தை மாதத்துச் சாயங்காலம் முழுசாகத் திரும்பி வந்தது.

சேந்தமங்கலத்திலிருந்து பேளுக்குறிச்சி வழியாக ராசிபுரம் போகும் சாலை. வலது கையில் கொல்லிமலை. பின்னால் அவள். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கொள்ளுக் கொடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள்; போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்துக் கொடுக்கும். காய்ந்த கொடிக்கு அடியில் உதிர்ந்த கொள்ளு, கோலிக்குண்டுபோல உருளும். சக்கரம் வழுக்கியது. வண்டி என் காலின்மேல் விழுந்தது, அவள் முழங்கால்மேலும் விழுந்தது. என் கால் ஒரு மாதத்தில் சரியாயிற்று. அவள் இன்றைக்கும் மாடிப்படியைப் பக்கவாட்டில்தான் இறங்குகிறாள். 'கொள்ளு கிடந்ததைப் பார்க்கவில்லை' என்று எல்லோரிடமும் சொன்னேன். ஆஸ்பத்திரியில், மாமனார் வீட்டில், அவளிடம். அடுத்த மாதமே வண்டியை விற்றதைத் தியாகம் என்றுகூட சிலர் பேசினார்கள்.

சேலத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பி, எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போனேன். அவனுடைய வண்டி ஒரு ஸ்ப்ளெண்டர். 1994-ல் வந்த ரகம்; 100 சிசிக்குள், 112 கிலோ. பால்காரர் வண்டி என்று நாங்கள் மதிக்காமல் ஒதுக்கியது. எல்லோரும் வாங்குவது என்பதே அதன்மேல் எங்களுக்கிருந்த குற்றச்சாட்டு. வேறு சில விஷயங்களிலும் எங்கள் விமர்சனம் இதற்குமேல் போனதில்லை. அதை ஓட்டிப் பார்க்கச் சொல்லிச் சாவியை நீட்டினான். "நீயே ஓட்டு, நான் பின்னாடி உட்கார்றேன்" என்றேன்.

"வண்டி வாங்கறது நீங்கதானுங்களே சார்? பின்னாடி உக்காந்து என்னத்தைப் பாப்பீங்க?"

அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பேளுக்குறிச்சி ரோட்டுக்கே போகச் சொன்னேன்.

பார்ப்பதற்கு அவன் முதுகுதான் இருந்தது. சாலை அவன் தோளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், தாண்டிப் போன பிறகு கிடைத்தது. பள்ளம் முன்னறிவிப்பில்லாமல் இடுப்பில் வந்து இறங்கியது. ஓரிடத்தில் அவன் முதுகு லேசாகக் குனிந்து, வண்டி நடையாகிவிட்டது. ஏன் என்று புரியவில்லை. அதற்குப் பிறகுதான் டயருக்கு அடியில் கொள்ளு நொறுங்குகிற சத்தம் கேட்டது. நான் அன்றைக்கு அப்படிக் குனியவில்லை. கொள்ளை நான் பார்த்தேன். ஐம்பது கஜத்துக்கு முன்னாலேயே பார்த்தேன். அந்த வண்டியில் அந்தச் சத்தத்தோடு போகிறவன் இதற்கெல்லாம் வேகத்தைக் குறைக்கலாகாது என்று ஒரு பிம்பம் இருந்தது. அதைக் காப்பாற்றினேன். இரண்டு மாதமாகக் கடை கடையாக நான் தேடிக்கொண்டிருந்ததும் அந்த ஆளைத்தான் போலிருக்கிறது.

விழுந்தால் எடுத்து நிறுத்தக்கூடிய கனமே என் கனம் என்று தீர்மானித்தேன். மெக்கானிக்கின் வண்டியைப் பட்டறை வாசலில் சாய்த்துப் போட்டுத் தூக்கிப் பார்த்தேன். முடிந்தது, மூச்சு வாங்க. இதில் நான்கு கியருமே கீழே அமுக்குவது. காலுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். 125 சிசி வரையிலான வண்டிகளில் 2019-லிருந்து கால் பிரேக்கை அமுக்கினால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும்படி செய்திருக்கிறார்கள். ஆனால் வலது கால் அமுக்கினால்தான்.

அன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு அவளிடம் சொன்னேன். பேளுக்குறிச்சி ரோட்டில் கொள்ளு கிடந்ததை நான் பார்த்தேன் என்று.

பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "எனக்குத் தெரியுமுங்க" என்றாள். "அதுக்கு முன்னால எப்பவும் இல்லாத மாதிரி முதுகை நிமித்துனீங்க."

வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"இந்த வண்டியில பின்னாடி பிடிச்சுக்கக் கம்பி இருக்குதுங்களா?"

இருக்கிறதா என்று நான் பார்த்திருக்கவில்லை.