நண்பர் படத்துக்கு மேல் ஒரு பொங்கல் பானை

இந்த முறை கொஞ்சம் கம்ப்யூட்டர் சமாசாரம். பயந்து ஓடிவிட வேண்டாம். கோப்பு, பதிவேடு, குறிப்பு என்று காலம் தள்ளிய நமக்கு இது ஒன்றும் புரியாத விஷயம் இல்லை. பெயர்கள்தான் புதுசு.

2012-ஆம் வருஷம், தை மாதம். காணும் பொங்கல் கழிந்து இரண்டாம் நாள் என் நண்பர் காலமானார். முப்பது வருஷத்துக்கு மேல் எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்தவர். என்னைவிட நான்கு வயது பெரியவர். அவர் மனைவியை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். மூத்த மகன் இங்கேயே இருந்தான். சின்னவன் பாரிஸில். டிக்கெட் கிடைத்து அவன் வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்றதால், காத்திருக்காமல் எடுத்துவிட்டார்கள்.

அப்போது எங்கள் ஓய்வூதியர்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்ன இணையதளம் வைத்திருந்தோம். அகவிலைப்படி ஆணைகள், நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்கும் ஞாபகம், உறுப்பினர் செய்திகள், அவ்வளவுதான். அதைக் கட்டியவன் நான். அன்று மயானத்திலிருந்து வந்து குளித்துவிட்டு, அவருக்காக ஒரு பக்கம் தயார் செய்து ஏற்றினேன். அவர் படம், வேலை பார்த்த பிரிவுகள், மனசில் வந்த பத்து வரி.

இரவு பதினொரு மணிக்குப் பாரிஸிலிருந்து போன். "சித்தப்பா, பக்கம் பார்த்தேன். நல்லா எழுதியிருக்கீங்க. மேல இருக்கிற அந்தப் பொங்கல் பானையை மட்டும் எடுக்க முடியுமா?"

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. ரொம்பத் தயங்கித்தான் கேட்டான். நான் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். அவன் அப்பா படத்துக்கு நேர் மேலே இரண்டு கரும்பு, பொங்கி வழியும் பானை, 'அனைவருக்கும் இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்'. நானே ஆசையாகப் போட்டது.

இது எப்படி வந்தது என்று சொல்ல ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். 2006-இல் நம் ஊர் 'பாண்டிச்சேரி' என்பது அதிகாரபூர்வமாக 'புதுச்சேரி' ஆனது. எங்கள் பிரிவில் பழைய பெயர் அச்சிட்ட தாள் கட்டுக்கட்டாக இருந்தது. வீணாக்கக் கூடாது என்று உத்தரவு. ஒவ்வொரு தாளிலும் பழைய பெயரை அடித்துவிட்டு ரப்பர் ஸ்டாம்பால் புதுப் பெயரைக் குத்தினோம். சில தாள்களில் ஸ்டாம்ப் கோணலாக விழும். அதே தாளில்தான் மேலிடத்துக்குக் கடிதம் போகும். நானும் என் நண்பரும் அந்த வேலையைப் பல மத்தியானங்கள் செய்தோம்.

அந்த வேதனையை அறவே இல்லாமல் செய்வதுதான் மாஸ்டர் பேஜ். மைக்ரோசாஃப்ட் 2005-இல் ஏ.எஸ்.பி. டாட் நெட் 2.0-வோடு இதைக் கொண்டுவந்தது. தளத்தில் இருநூறு பக்கம் இருக்கட்டும். தலைப்பு, சின்னம், மேலே உள்ள பட்டை, அடியில் உள்ள விலாசம் எல்லாவற்றையும் ஒரே ஒரு மாஸ்டர் பேஜில் வைத்துவிடலாம். நடுவில் ஒரு இடத்தைக் காலியாக விட்டால் போதும். மற்ற பக்கங்கள் கன்டென்ட் பேஜ்கள். 'எனக்கு மாஸ்டர் இன்னார்' என்று முதல் வரியில் எழுதிவிட்டு, அந்தக் காலி இடத்துக்கான விஷயத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். ஊர்ப் பெயர் மாறினால் ஒரு இடத்தில் மாற்றினால் போதும், இருநூறிலும் மாறிவிடும். இதை முதலில் படித்தபோது அந்த ரப்பர் ஸ்டாம்ப் நாட்களை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

நான் அதோடு நிற்கவில்லை. மாஸ்டர் பேஜ் தேதியைப் பார்த்து, பொங்கல் என்றால் பானை, குடியரசு தினம் என்றால் கொடி, தீபாவளி என்றால் மத்தாப்பு என்று தானே பட்டையில் போடும்படி எழுதி வைத்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். அந்தப் பெருமைதான் அன்றிரவு நண்பர் தலைக்கு மேல் வந்து உட்கார்ந்தது.

அன்றிரவே பானையைத் தளம் முழுவதிலும் எடுத்துவிட்டேன். பையனுக்குச் சொன்னேன். அவனும் நன்றி சொன்னான். படுத்தேன், தூக்கம் வரவில்லை. அந்தப் பக்கம் ஒரு நாளோடு போகிற பக்கம் இல்லையே. எட்டு நாளில் கொடி வரும். சித்திரையில் மாங்காய், வேப்பம்பூ வரும். எங்கோ பிரான்சில் உட்கார்ந்துகொண்டு தீபாவளி அன்று அப்பா ஞாபகம் வந்து அந்தப் பையன் திறந்தால், மத்தாப்பு வரும். அந்த ஒரு பக்கம் மட்டும் தன் மாஸ்டரிடம் 'என் தலையில் வாழ்த்து வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியுமா?

முடியும் என்று புத்தகம் சொன்னது. கன்டென்ட் பேஜுக்கு 'மாஸ்டர்' என்று ஒரு வழி உண்டு, அதைப் பிடித்து மேலே போகலாம். முதலில் நான் பிடித்தது 'ஃபைண்ட் கன்ட்ரோல்' என்கிற முறை. மாஸ்டருக்குள் இந்தப் பெயரில் ஒரு பொருள் இருக்கிறது, தேடிக் கொடு என்று கேட்பது. ரெக்கார்டு ரூமில் சீட்டைப் பார்த்துக் கட்டு தேடுகிற மாதிரி. பெயரில் ஒரு எழுத்துப் பிசகினால் போச்சு. எனக்கு ஒரு எழுத்துப் பிசகியது. பக்கம் ஓடும் வரை கம்ப்யூட்டர் வாயைத் திறக்கவில்லை. ஓடியதும் இங்கிலீஷில் ஒரு பாட்டுப் பாடியது. நீ கேட்ட பொருளே இங்கே இல்லை என்பது அதன் சாரம். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். இந்த இங்கிலீஷ் எச்சரிக்கைகளை இன்றும் இரண்டு முறை படித்தால்தான் பிடிபடும்.

எழுத்தைத் திருத்தினேன். கம்ப்யூட்டரின் தேதியைப் பொங்கலுக்குத் தள்ளி வைத்து ஓட்டிப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. பானையும் அப்படியே இருந்தது!

முறைதான் தப்பு போலிருக்கிறது என்று அடுத்ததுக்குப் போனேன். மாஸ்டர் பேஜிலேயே வெளியார் தொடலாம் என்று ஒரு 'ப்ராப்பர்ட்டி'யைத் திறந்து வைப்பது. 'வாழ்த்து வாசகம்' என்று ஒன்றைத் திறந்து வைத்தேன். இதில் ஒரு சிக்கல். கன்டென்ட் பேஜ் 'மாஸ்டர்' என்று கூப்பிட்டால், பொதுவாக ஒரு மாஸ்டர் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். என் மாஸ்டரில் உள்ள தனி விஷயங்கள் தெரியாது. 'துறைத் தலைவர் அவர்களுக்கு' என்று மனுப் போட்டால், எந்தத் துறைக்கும் பொதுவானதைத்தான் கேட்க முடியும், இல்லையா? அதற்காகப் பக்கத்தின் தலையில் 'மாஸ்டர் டைப்' என்று ஒரு வரி எழுதி, என் மாஸ்டர் இன்ன கோப்பு என்று காட்ட வேண்டும். அப்புறம் அதன் ப்ராப்பர்ட்டிகள் எல்லாம் பெயரோடு தெரியும். தப்பாக எழுதினால், பக்கம் ஓடுவதற்கு முன்பே, தொகுக்கும்போதே சொல்லிவிடும். ரெக்கார்டு ரூம் சீட்டைவிட இது எவ்வளவோ மேல்.

வாசகத்தை வெறுமையாக்கு என்று எழுதினேன். ஓட்டினேன். பானை, கரும்பு, நல்வாழ்த்துகள்.

இரண்டு இரவு போயிற்று. வீட்டில் "அந்த மனுஷன் போன துக்கத்தைவிட உங்களுக்கு இந்தப் பொட்டியோட துக்கம் பெருசா இருக்கு" என்றாள். அது சரியில்லை. இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள்தான் எஃப்-9 ஞாபகம் வந்தது. ஒரு வரியில் சிவப்புப் பொட்டு வைத்தால், ஓட்டம் அங்கே வந்து நிற்கும், வரி மஞ்சளாகும். மாஸ்டர் பேஜில் ஒன்று, நண்பரின் பக்கத்தில் ஒன்று என இரண்டு பொட்டு வைத்து ஓட்டினேன். மாஸ்டர்தான் பெரியவர், அவர் வேலையை முடித்துவிட்டுத்தான் கீழே விடுவார் என்று நான் நினைத்திருந்தேன். மஞ்சள் முதலில் நின்றது நண்பரின் பக்கத்தில். வாசகம் வெறுமையானது. அதன் பிறகு மாஸ்டருக்குப் போனது. அவர் நிதானமாகத் தேதியைப் பார்த்தார், பொங்கல் என்று கண்டார், வாழ்த்தைத் திரும்ப எழுதினார்.

அதாவது என் இரண்டு முறையும் சரி. நேரம்தான் தப்பு. 'லோட்' என்கிற கட்டத்தில் கன்டென்ட் பேஜ் முந்திக்கொள்கிறது, மாஸ்டர் பிந்துகிறது. கிளார்க் காலையில் வந்து திருத்திய வரைவை, அதிகாரி பதினொரு மணிக்கு வந்து பழையபடி எழுதிவிட்டுப் போவதைப் பார்க்காதவர் நம்மில் யார்?

சென்னையில் இதே வேலையில் இருந்த தங்கை மகனைக் கூப்பிட்டேன். அவனிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம், கௌரவம் விடவில்லை. "மாமா, லோட்ல செய்யாம ப்ரீ ரெண்டர்ல செஞ்சா போதும். அதுக்குள்ள ரெண்டு பேரோட லோடும் முடிஞ்சிருக்கும்" என்றான். செய்தேன். பானை போயிற்று. அப்பாடா என்று இருந்தது.

ஆனால் அவன் போனை வைக்கவில்லை. "ஆனா மாமா, நீங்க அது எழுதறதை அழிச்சுக்கிட்டு இருக்கீங்க. நாளைக்குப் படத்தை வேற இடத்துக்கு மாத்தினா மறுபடியும் இந்தப் பக்கத்துல வந்து திருத்தணும். அதுகிட்ட விஷயத்தை மட்டும் சொல்லிடுங்க. என்ன செய்யணும்னு அதுவே முடிவு பண்ணட்டும்."

எனக்கு உடனே புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் புரிந்தபோது, ஒரு பழைய பதிவேடு கண் முன்னால் வந்தது.

பிரெஞ்சுக்காரர் முறையில் எழுதிய பிறப்புப் பதிவேட்டைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். பக்கத்தின் ஓரத்தில் தாராளமாக ஒரு மார்ழ் விட்டிருப்பார்கள். குழந்தை பிறந்த அன்று அங்கே ஒன்றும் இருக்காது. இருபது, இருபத்தைந்து வருஷம் கழித்து, இன்னாருடன் திருமணம் என்று அந்த ஓரத்தில் ஒரு குறிப்பு ஏறும். மூலப் பதிவை யாரும் அடிப்பதில்லை, திருத்துவதில்லை. அதற்குப் பிறகு நகல் எடுப்பவர் ஓரத்தையும் பார்த்துத்தான் நகல் எழுதுவார். பள்ளிக்கூடத்து நோட்டிலும் ஒரு சிவப்புக் கோட்டுக்கு அப்பால் மார்ழ் உண்டு. அது வாத்தியாருக்கு உரிய இடம். மாணவன் அங்கே எழுதினால் விரல் முட்டியில் அடி விழும். வாத்தியாருக்குப் பிரெஞ்சில் என்ன சொல் தெரியுமா? மேத்ர். இங்கிலீஷில் மாஸ்டர் என்கிறார்களே, அதேதான்.

ஆக, மாஸ்டர் பேஜில் ஒரு மார்ழ் விட வேண்டும். 'வாழ்த்து வாசகம்' ப்ராப்பர்ட்டியை எடுத்துவிட்டேன். பதிலாக 'இரங்கல்' என்று ஒன்று வைத்தேன். ஆம் அல்லது இல்லை, இரண்டில் ஒன்றுதான் அதில் ஏறும். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் இல்லை. நண்பரின் பக்கத்தில், லோட் கட்டத்தில், ஒரே வரி: மாஸ்டர், புள்ளி, இரங்கல், சமக்குறி, ட்ரூ. ப்ரீ ரெண்டரில் எழுதியதை அழித்துவிட்டேன். இப்போது பக்கம் முந்திக்கொண்டு ஓரத்தில் குறித்துவிட்டுப் போகிறது. பிந்தி வரும் மாஸ்டர் முதலில் ஓரத்தைப் பார்க்கிறார். ஆம் என்று இருந்தால் தேதியையே பார்ப்பதில்லை. பட்டையைச் சாம்பல் நிறமாக்கிவிட்டுப் பேசாமல் இருக்கிறார். இரண்டு இரவு என்னை அழவைத்த அதே வரிசை இப்போது எனக்கு வேலை செய்தது.

தங்கை மகனிடம் மார்ழ் கதையைச் சொன்னேன். "எங்க டீம்ல யாரும் இப்படிச் சொல்லிக் கொடுக்கலை மாமா" என்றான். ஏ.எஸ்.பி. டாட் நெட்டில் இன்று இந்த மாஸ்டர் பேஜ் எல்லாம் பழசாம். 'லே அவுட்' என்று வேறு பெயரில் வைத்திருக்கிறார்களாம். அதிலும் உள்ளே உள்ள பக்கம்தான் முதலில் ஓடுமாம், வெளிச்சட்டம் பிறகுதான் வருமாம்.

அந்த வருஷம் சித்திரை முதல் நாள் காலை, தளத்தில் எல்லாப் பக்கத்திலும் மாங்காயும் வேப்பம்பூவும் வந்தன. நண்பரின் பக்கத்தைத் திறந்தேன். சாம்பல் பட்டை, அதன் கீழே அவர் படம். அதை அச்செடுத்து அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்கள். "வெள்ளைச் சட்டை போட்ட படமா பார்த்துப் போட்டிருக்கலாம் தம்பி" என்றார்கள். மறுநாள் வெள்ளைச் சட்டைப் படம் ஏறியது.

2018-இல் கண் சரியில்லை என்று தளத்தை ஒரு இளைஞரிடம் ஒப்படைத்தேன். கோப்புகளைப் புரட்டிக்கொண்டே வந்தவர், "சார், சில பக்கத்துல மட்டும் மேல இரங்கல் ட்ரூன்னு ஒரு வரி வருதே, அது என்ன?" என்று கேட்டார். எத்தனை பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கச் சொன்னேன். பதினேழு என்றார். ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லி, யார் யார் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.