அரைப்பேர்

மூன்று இரவுகளாக 401 என்ற எண் என் திரையை விட்டுப் போகவில்லை. பட்டிப்பொலப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு மரக்கறி விலையைத் தமிழில் காட்டுகிற சின்ன நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். விலைப்பட்டியலை வெளியே ஒரு சேவையிடம் கேட்டு வாங்க வேண்டும். பயனர் பெயரும் ரகசியச் சாவியும் சரியாகத்தான் இருந்தன. காலாவதியாகவும் இல்லை. சேவையோ கேட்கும்போதெல்லாம் 401 என்று திருப்பி அனுப்பியது.

அந்த எண்ணுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் 'அனுமதி இல்லை' என்று பொருள்படும். பெயர் வைத்தவர்கள் தவறிவிட்டார்கள். 'நீ யாரென்று எனக்குத் தெரியவில்லை' என்பதே அதன் பொருள். 'உன்னைத் தெரியும், ஆனாலும் உள்ளே விடமாட்டேன்' என்பதற்கு 403 தனியாக இருக்கிறது. இந்த எண்களுக்கான விதிகளைத் தேடி வாசித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். 401 என்று மறுக்கிற சேவை, தான் ஏற்கும் அத்தாட்சி எந்த வகை என்பதையும் அதே பதிலில் எழுதியாக வேண்டும்.

விடிந்ததும் பட்டிப்பொல ஸ்டேசன் பக்கம் நடந்தேன். 6,226 அடி உயரம். இலங்கையில் இதைவிட உயரத்தில் ரயில் நிற்பதில்லை. சின்ன வயதில் இங்கே வந்து நின்றதெல்லாம் அந்தப் பெரிய வளையத்தைப் பார்க்கத்தான். அதில் தொங்கும் தோல்பைக்குள் டேப்லட் என்கிற வில்லை இருக்கும். அது கையில் இல்லாமல் சாரதி ஒற்றைப் பாதையில் அடுத்த ஸ்டேசனான ஓஹிய பக்கம் இறங்கக் கூடாது. அந்த டேப்லட் மறுமுனை ஸ்டேசனில் உள்ள பெட்டிக்குள் போகும்வரை இரண்டு ஸ்டேசன் பெட்டிகளும் இன்னொன்றைத் தராது. 1874இல் இங்கிலாந்தில் தோர்ப் என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தார்கள். அதன் பிறகு எட்வர்ட் டயர் யோசித்துச் செய்த முறை இது. சாரதியின் பேரை அந்தப் பெட்டி கேட்பதில்லை. வில்லை வைத்திருப்பவருக்குப் பாதை. நிரல் எழுதுகிறவர்கள் டோக்கன் என்று சொல்வதும் இதைத்தான்.

இந்த மலைக்கு எங்கள் ஆட்கள் வந்ததும் டோக்கனோடுதான். எழுத்தும் எண்ணும் அடித்த தகர டிக்கட்டைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்பதை அது சொல்லும். பிறகு 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. மறுவருடச் சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பம் போனது. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. தொடர்ந்து இங்கேயே வாழ்ந்ததைக் கடதாசியில் காட்டச் சொன்னால், லயத்து அறையில் யாரிடம் என்ன கடதாசி இருக்கும்?

அம்மாயி 38 வருசம் கொழுந்து எடுத்தாள். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கே 'பேர்' என்றுதான் பெயர். எடை சேர்ந்தால் பேர், குறைந்தால் அரைப்பேர். மழையில் நனைந்து வந்து, "இன்னைக்கு அரைப்பேருதான் போட்டானுங்க" என்பாள். யாரோ அவளில் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றும். வேலையிலிருந்து நின்ற பிறகு சேர்ந்த காசை எடுக்க அவளோடு நானும் அலுவலகத்துக்குப் போனேன். தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் அவள் பேர் 'ஆயி' என்று முடிந்திருந்தது, அடையாள அட்டையில் 'அம்மா' என்று. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் இரண்டையும் பார்த்துவிட்டு, "இது நீங்க இல்லையே" என்றார். அம்மாயி சத்தம் போடவில்லை. "அப்ப அந்தக் கொழுந்தெல்லாம் எடுத்தது யாருங்க ஐயா?" என்று கேட்டாள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

என்ன கொண்டுவர வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. அடுத்த முறை தோட்டத்துக் கடிதம் கொண்டுபோனோம். அதற்கடுத்த முறை கிராம சேவகரின் அத்தாட்சி. இரண்டு பேரும் ஒருவரே என்கிற சத்தியக் கடதாசி போதும் என்பது நான்காம் முறைதான் தெரிந்தது, அதுவும் வரிசையில் பக்கத்தில் நின்ற ஒரு அக்கா சொல்லி. அன்று பஸ்ஸில் அம்மாயி என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். நான்கு பயணம் போய்வந்த உடம்பு.

ஸ்டேசனிலிருந்து வீட்டுக்கு வந்து, நிரல் அனுப்பிய எழுத்துகளை எண்ணினேன். பெயரும் சாவியும் சேர்ந்து 40 இருக்க வேண்டும், 41 இருந்தது. பேஸ்64 ஆக மாற்ற எக்கோ என்ற கட்டளை வழியாக அனுப்பியிருந்தேன். அது எதை அச்சிட்டாலும் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத புதுவரிக் குறி ஒன்றைச் சேர்த்துவிடும். அதுவும் சாவியோடு சாவியாக மாறிப் போயிருக்கிறது. அந்தக் குறியை எடுத்துவிட்டு மறுபடி கேட்டேன். 200 வந்தது, விலைப்பட்டியல் முழுதாக இறங்கியது.

படுக்கப் போகுமுன் என் நிரலின் நுழைவுப் பக்கத்தைத் திறந்தேன். உள்ளே வர முடியாதவர்களுக்கு 'தவறு' என்ற ஒற்றைச் சொல்லைத்தான் எழுதி வைத்திருந்தேன். அதை அழித்துவிட்டு, 'தொலைபேசி எண்ணை 94இல் தொடங்கிக் கொடுங்கள். முதலில் வரும் 0 வேண்டாம்' என்று எழுதினேன்.