1,600 கலோரி

உடல் எடையைக் குறைப்பதற்குச் சொல்லப்படும் முறைகளில் பெரும்பாலானவை ஏதேனும் ஒன்றை விலக்கச் சொல்பவை. ஒன்று அரிசியை விலக்கும், மற்றொன்று எண்ணெயை விலக்கும், இன்னொன்று மாலைக்குப் பின் உண்பதையே விலக்கும். கலோரிக் கணக்கு எதையும் விலக்குவதில்லை. உண்பவை எல்லாவற்றையும் அவற்றிலுள்ள ஆற்றலின் அளவால் குறித்துக்கொண்டு, ஒரு நாளின் கூட்டுத்தொகை அந்நாளில் உடல் செலவிடும் ஆற்றலுக்குக் கீழே நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும் என்பதே அதன் நிலைப்பாடு. இங்குக் கலோரி எனப்படுவது ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு செல்சியஸ் பாகை உயர்த்தத் தேவையான வெப்பம். இயற்பியல் நூல்கள் கிலோகலோரி என்று எழுதுவதையே உணவியல் சுருக்கமாகக் கலோரி என்கிறது. உடற்பயிற்சியின் துணையோ உணவின் தரம் பற்றிய கவலையோ இல்லாமல் இந்தக் கூட்டல் கழித்தல் மட்டுமே இருபது முப்பது கிலோவைக் குறைத்துவிடுமா என்னும் ஐயம் இயல்பானது. குறைக்கும் என்பதே விடை. ஆயினும் அவ்விடையோடு சேர்த்துச் சொல்லவேண்டியவை சில உண்டு.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்துப் பேராசிரியராக இருந்த மார்க் ஹாப், இந்த ஐயத்தை 2010ஆம் ஆண்டில் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தார். பத்து வாரங்கள், தம் உணவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ட்விங்கி என்னும் கிரீம் அடைத்த கேக், வறுவல், பிஸ்கட், சர்க்கரை பூசிய தானியம் போன்ற நொறுக்குத் தீனியாகவே உண்டு, கூடவே ஒரு வைட்டமின் மாத்திரையும் புரதப் பானமும் சிறிது காய்கறியும் சேர்த்துக்கொண்டு, நாளொன்றுக்கு 1,800 கலோரியைத் தாண்டாமல் இருந்தார். 91 கிலோவாக இருந்த எடை 79 கிலோவாகக் குறைந்தது. கெட்ட கொழுப்பு என வழங்கப்படும் எல்டிஎல் அளவும் ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது. இவ்வுணவை அவர் எவருக்கும் பரிந்துரைக்கவில்லை என்பதையும், ஒரே மனிதரின் பத்து வாரங்கள் ஒரு கோட்பாட்டை நிறுவிவிடா என்பதையும் மறக்கலாகாது. எனினும் எடையை மட்டும் கருதினால், உண்டது கேக்கா கீரையா என்பதைவிட எவ்வளவு உண்டது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட முரட்டுத்தனமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இந்த அளவுகோல் எடை குறைப்பதற்காகப் பிறந்ததன்று என்பதும் கருதத்தக்கது. 1890களில் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர், ஒரு மனிதர் சில நாள்கள் உண்டு உறங்கி வாழத்தக்க மூடிய அறையொன்றை அமைத்து, அவர் உடலிலிருந்து வெளிப்படும் வெப்பத்தை அளந்தார். புரதம் ஒரு கிராமுக்கு 4, மாவுச்சத்து 4, கொழுப்பு 9 கலோரி என இன்றும் உணவுப் பொட்டலங்களின் பின்புறக் கணக்குக்கு அடிப்படையாக இருக்கும் எண்கள் அவரது உழைப்பிலிருந்து வந்தவை. குறைந்த கூலியில் தொழிலாளர் குடும்பம் போதுமான உணவைப் பெறுவது எப்படி என்பதே அவரது கவலை. நீலகிரியின் குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு 1937இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையும் நிறைவான உணவைத் திட்டமிடுவதற்காகவே தொகுக்கப்பட்டது. பிற்காலத்தில் ஐதராபாத்துக்கு இடம் மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரில் வளர்ந்தது அந்த ஆய்வுக்கூடமே. போதாமையைக் கண்டுபிடிக்க உருவான கருவியை மிகுதியைக் கட்டுப்படுத்தும் கருவியாகத் திருப்பியவர்களுள் முதன்மையானவர் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் லூலு ஹண்ட் பீட்டர்ஸ். ஒரு காலத்தில் 100 கிலோ வரை பருத்திருந்து, பின்னர் 30 கிலோவுக்கு மேல் குறைத்த அவர், ரொட்டியைத் துண்டுக் கணக்கில் நினையாமல் நூறு கலோரி ரொட்டி என்றே நினைக்கப் பழகவேண்டும் என்று 1918இல் வெளியிட்ட தம் நூலில் வாசகரைப் பயிற்றுவித்தார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. பட்டினி கிடப்போர் உலகில் இருக்கையில் கொழுப்பை உடலில் பதுக்கிவைப்பது தேசப்பற்றுக்கு முரண் என்ற வாதத்தையும் அவர் சேர்த்துக்கொண்டார். எடை பற்றிய பேச்சில் குற்றவுணர்வு அன்று நுழைந்தது, இன்னும் வெளியேறவில்லை.

ஒரே எண் இரு வேறு நிலைகளில் எவ்வளவு வேறுபட்ட பொருள் கொள்கிறது என்பதற்குத் தமிழகத்து வரலாறே கொடிய சான்றைத் தருகிறது. தாது வருடப் பஞ்சம் எனப்படும் 1876–78 பஞ்சத்தின்போது, செலவைச் சுருக்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வரும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சொற்பக் காசும் போதுமென 1877இல் வரையறுத்தார். ஒரு ராத்தல் என்பது 454 கிராம். அரிசியாகக் கொண்டால் ஏறத்தாழ 1,600 கலோரி. கலோரிக் கணக்கு வழக்கில் வராத அந்நாளிலேயே, மண் சுமந்து கல் உடைப்பவர்க்கு இது அழிவு என்று மதராஸ் மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் அந்த அளவு கைவிடப்பட்டது. 1945இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ், போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர் 36 பேருக்கு 24 வாரங்கள் அளித்த அரைப்பட்டினி உணவும் 1,600 கலோரிக்கு அருகில்தான் இருந்தது. அவர்கள் உடல் எடையில் ஏறத்தாழக் கால் பங்கை இழந்தனர், எப்போதும் குளிர்வதாகச் சொன்னார்கள், சமையல் குறிப்பு நூல்களைத் தேடிப் படித்தார்கள், உணவைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாதவர்களானார்கள். இன்று எடை குறைக்க விரும்பும் ஒருவருக்குக் கைபேசிச் செயலி கூச்சமின்றி வகுத்துக் கொடுக்கும் எண்ணும் பல வேளைகளில் இதுவே.

வேறுபாடு உடலிலுள்ள சேமிப்பில் இருக்கிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. தேவைக்கு மேல் 30 கிலோ கொழுப்பைச் சுமப்பவரிடம் இரண்டே கால் லட்சம் கலோரிக்கு மேல் இருப்பு உண்டு. அவர் 1,600 கலோரி உண்ணும் நாளில் உடல் செலவிடுவது 2,400 ஆயின் மீதி 800 அந்த இருப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்தவரிடம் எடுக்க எதுவும் இல்லை. தசையும் உள்ளுறுப்புகளுமே கரைந்தன. ஒல்லியான உடம்பினர் அழகு கருதி இதே கணக்கைப் பின்பற்றும்போது மருத்துவர்கள் அஞ்சுவதற்கும் காரணம் இதுதான்.

இருப்புக் கணக்கு இவ்வளவு எளிதாயினும், எடை அந்தக் கணக்கின்படி நேர்கோட்டில் இறங்குவதில்லை. முதல் வாரத்தில் மகிழ்ச்சியூட்டும் வேகத்தில் குறைவது பெரும்பாலும் நீர். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்னும் வடிவில் சேமிக்கப்பட்ட மாவுச்சத்து, தன் எடையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நீரைப் பிடித்துவைத்திருப்பதால், அது தீரும்போது நீரும் வெளியேறுகிறது. பின்னர் வருவது மெதுவான இறக்கம். நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால் வாரம் ஒரு ராத்தல் குறையும் என்ற புகழ்பெற்ற வாய்பாடு 1958இல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி செய்த கணிப்பிலிருந்து வந்தது. அதன்படி ஓராண்டில் 23 கிலோவுக்கு மேல் குறையவேண்டும். உடல் சிறுக்கச் சிறுக்க, படுத்திருக்கும்போதும் உயிர்வாழச் செலவாகும் ஆற்றலாகிய அடிப்படை வளர்சிதை மாற்றமும் குறைந்துவிடுவதை அவ்வாய்பாடு கணக்கில் கொள்ளவில்லை. இதனைச் சேர்த்துக் கணித்த கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும், அதே 500 கலோரிக் குறைப்பு முதல் ஆண்டில் 10 கிலோ அளவும், சுமார் மூன்று ஆண்டுகளில் அதைப் போல் இரு மடங்கும் குறைக்கும் என்று 2011இல் காட்டினர். ஆறாம் மாதத்தில் எதிர்பார்த்த அளவு எடை இறங்கவில்லை என்று மனம் உடைபவர் பலர். தவறு அவர்களிடம் இல்லை, பழைய வாய்பாட்டில் இருக்கிறது.

கணக்கின் துல்லியமோ சிரிப்புக்குரியது. பச்சரிசி 100 கிராமில் 350 கலோரி அளவு இருக்க, அது நீரேறிச் சோறானபின் அதே 100 கிராமில் 130 கலோரியே இருக்கும். அட்டவணை எதைச் சொல்கிறது என்று பாராமல் எழுதினால் ஒரு வேளைக் கணக்கே மூன்று மடங்கு பிசகும். குடும்பத்துக்குப் பொதுவாக வைத்த குழம்பில் ஒருவர் தட்டுக்கு வந்த எண்ணெய் எவ்வளவு என்று எவராலும் சொல்ல முடியாது, ஆனால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. விருந்தில் இலை முன் அமர்ந்தவருக்கு அளவை நிர்ணயிப்பது பரிமாறுபவரின் கையும் அவரது அன்பும். அங்கே குறிப்பேட்டை விரிப்பது நாகரிகமாகாது. மனிதர் தம் உணவைத் தாமே குறைத்து மதிப்பிடுவது இவை எல்லாவற்றினும் பெரிய பிழை. நாளுக்கு 1,200 கலோரிக்குக் கீழே உண்டும் எடை குறையவில்லை என்று முறையிட்ட பத்துப் பேரை நியூயார்க்கில் ஆராய்ந்து 1992இல் வெளியான ஆய்வு, ஐசோடோப்பு மாற்றப்பட்ட நீரைக் குடிக்கச் செய்து, அது உடலைவிட்டு வெளியேறும் வேகத்திலிருந்து ஆற்றல் செலவைக் கணிக்கும் முறையைப் பயன்படுத்தியது. அவர்களது வளர்சிதை மாற்றத்தில் குறை எதுவும் இல்லை; உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்துச் சொல்லியிருந்தனர். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று கொள்வது அநியாயம். சமைக்கும்போது ருசி பார்த்ததும் குழந்தை மிச்சம் வைத்ததை வீணாக்காமல் உண்டதும் எவர் நினைவிலும் உணவாகப் பதிவதில்லை. இவ்வளவு பிழையுள்ள முறை பயன் தருவது, அன்றாடம் ஒரே விதமாகப் பிழை செய்தால் போதும் என்பதால்தான்: தராசு அசையாவிட்டால் இலக்கிலிருந்து இன்னும் நூறு கலோரியைக் கழித்துக்கொள்ளலாம், எண்ணின் மெய்யான மதிப்பு என்னவாயிருந்தாலும் சரி.

இறங்கிய எடையைக் காப்பது வேறு வகைப் பணி. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் கடும் பயிற்சியாலும் குறைந்த உணவாலும் சராசரியாக 58 கிலோ இழந்த 14 பேர், ஆறு ஆண்டுகளில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றுவிட்டதாகவும், அவர்களது ஓய்வுநிலை ஆற்றல் செலவு அவ்வுடலளவுக்கு எதிர்பார்க்கத்தக்கதைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே நீடித்ததாகவும் 2016இல் வெளியான ஆய்வு கண்டது. கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின், இருப்பு எவ்வளவு என்பதை மூளைக்கு அறிவிக்கும் இயக்குநீர். இருப்பு குறைந்ததும் அதுவும் குறைந்து பசி மிகுகிறது. கணக்கு பசியை அளப்பதில்லை. பெருமளவு எடை குறைத்து அதைக் காத்துவருவோரைப் பற்றி அமெரிக்காவில் 1994இல் தொடங்கப்பட்ட பதிவேட்டில் இடம்பெற்றோர் பலரிடம் பொதுவாகக் காணப்படும் பழக்கங்களுள், அடிக்கடி எடை பார்ப்பதும் உணவைக் கவனித்து வருவதும் போலவே, நாள்தோறும் ஒரு மணி நேர அளவு நடப்பதும் ஒன்று. கணக்கு மட்டுமே போதும் என்ற கூற்று எடை இறங்கும் மாதங்களுக்கு உரியது; அதற்குப் பின் வரும் ஆண்டுகளில் நடைக்கும் இடம் கொடுக்கவேண்டியிருக்கிறது.